கொசு மருந்து பூசிய கையால் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள்: வேலூர்ப் பக்கம் மலையேறுபவர்களுக்கு முழு வழிகாட்டி

என்னிடம் ஒரு கூலிங் கிளாஸ் இருக்கிறது. அதன் வலது கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. துடைத்தால் போகாது, பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிட்டது.

பாகாயத்திலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி அருவிக்கு சைக்கிளில் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. காடு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கொசு விரட்டி ஸ்பிரேயைக் கை, கால், கழுத்து என்று தாராளமாக அடித்துக்கொண்டேன். அதே கையால் கண்ணாடியைத் துடைத்தேன், வாட்சின் பட்டனை அமுக்கினேன், போனை எடுத்து நாலு போட்டோ எடுத்தேன். அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் கவர் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. வாட்சின் பிளாஸ்டிக் கண்ணாடி பால் ஊற்றினாற்போல் மங்கிவிட்டது. சோப்பு போட்டேன், வீட்டுக்கு வந்து பற்பசை போட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. படிக்காதது என் தப்பு.

அதற்காகக் கொசு மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பக்கம் அது இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பதுதான் என் கட்சி. எதை, எப்போது, எந்த வரிசையில் பூசுவது, பூசிய கையை என்ன செய்வது என்பதுதான் விஷயம். பொருட்கள் கெடுவது பெரும்பாலும் உடம்பில் பூசிய மருந்தால் அல்ல, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் மருந்தால்தான்.

நம்மைக் கடிப்பவை

டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலையில் சூரியன் வந்த பிறகும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். நடை, ஓட்டம், கிரிக்கெட் என்று நாம் வெளியே இருக்கும் நேரமும் அதுவே. மற்ற பல கொசுக்கள் பொழுது சாய்ந்ததும் வரும்.

வேலூர்க்காரர்கள் அதைவிடக் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ், பேச்சுவழக்கில் உண்ணிக் காய்ச்சல். புதர், உயரமான புல், வரப்பு ஓரம் போன்ற இடங்களில் இருக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு வரலாம். மழைக்குப் பிறகு வரும் குளிர்ந்த மாதங்களில் நம் பக்கம் இது அதிகம். தீவிரமான ஸ்க்ரப் டைபஸுக்கு இரண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-ல் வெளியான ஆய்வை முன்னின்று நடத்தியதே நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனைதான். அந்த அளவுக்கு இங்கே இது பழகிப்போன நோய்.

ஆக ஜவ்வாது மலையோ, ஏலகிரியின் சுவாமிமலை உச்சியோ, பாலாற்றங்கரைப் புதரோ, எங்கே போனாலும் விரட்டி வேண்டும்.

பிளாஸ்டிக் ஏன் உருகுகிறது?

பள்ளி நாட்களில் தெர்மோகோல் மேல் பெட்ரோல் ஊற்றிப் பார்த்திருப்பீர்கள். சுருங்கிக் கோந்து மாதிரி ஆகிவிடும். டீட் என்ற மருந்து செய்வதும் ஏறக்குறைய அதே வேலை. 1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957-ல் பொதுமக்கள் கைக்கு வந்த மருந்து இது. கொசுவை விரட்டுவதில் இன்றைக்கும் இதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் எண்ணெய்த் தன்மையுள்ள இந்தத் திரவம் பல பிளாஸ்டிக்குகளுக்குள் புகுந்து அவற்றை இளக்கிவிடும். நகப்பாலிஷைக்கூடக் கரைக்கும். பூசிய பிறகு நகம் ஏன் ஒட்டுகிறது என்று என் மனைவி கேட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அப்படியானால் மருந்து இருக்கும் பாட்டில் ஏன் உருகவில்லை என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. பாட்டில் பாலிஎத்திலீன், மூடி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். இவற்றின் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் டீட் சுலபத்தில் உள்ளே நுழையாது. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ்., தெர்மோகோல், பி.வி.சி. ஆகியவை அந்த வகையில் சேராது. பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே ஜாதி வேறு வேறு.

எந்த மருந்து: டியூபைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் இருக்கும் பூவும் குழந்தையும் முக்கியமில்லை. பின்பக்கம் 'செயல்படும் பொருள்' என்று இருக்கும் வரியைத் தேடுங்கள்.

டீட் என்று இருந்தால் சதவீதத்தைப் பாருங்கள். சதவீதம் கூடினால் பாதுகாக்கும் நேரம் கூடும், கொசுவுக்குப் பயம் கூடாது. 10 சதவீதம் இரண்டு மணி நேரம்போலத் தாங்கும், 24 சதவீதம் சுமார் ஐந்து மணி நேரம். 50-க்கு மேல் போனால் பெரிய லாபம் இல்லை, பொருட்களுக்குக் கேடுதான் மிச்சம். அமிர்தி போய் மதியம் திரும்புவதற்கு 20 முதல் 30 சதவீதம் தாராளம். வெளிநாட்டிலிருந்து வரும் 98 சதவீத டப்பாவைப் பெருமையாகக் காட்டுவார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

பிகாரிடின் அல்லது இகாரிடின் என்று இருந்தால், விளையாட்டுச் சாமான்கள் அதிகம் வைத்திருப்பவருக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. மிளகில் இருக்கும் பைப்பரினை ஒத்த அமைப்பு கொண்டது, 1980-களில் உருவானது. 20 சதவீதம் இருந்தால் கொசுவிடம் டீட்டுக்கு இணையாகவே நிற்கும், பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பிசுபிசுப்பும் வாசனையும் குறைவு. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது, ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும்.

நம் கடைகளில் அதிகம் புழங்கும் ஓடோமாஸ் கிரீம் டீட் இல்லை. அதில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு, 12 சதவீதம். பெயரைப் பார்த்தாலே தெரியும், டீட்டின் பங்காளி. வேதியியலில் ஒரு சிறு கிளைதான் வித்தியாசம். ஆகவே பிளாஸ்டிக் விஷயத்தில் டீட்டுக்குக் காட்டும் அதே எச்சரிக்கையை இதற்கும் காட்டுகிறேன். கிரீம் என்பதால் காற்றில் பறக்காது, அது ஒரு வசதி.

எலுமிச்சை வாசனை யூகலிப்டஸிலிருந்து எடுக்கும் பி.எம்.டி. என்ற மருந்தும் நன்றாக வேலை செய்யும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். கடையில் சும்மா விற்கும் யூகலிப்டஸ் தைலம் வேறு, அதை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசுவது பாட்டி காலத்துப் பழக்கம். திண்ணையில் உட்கார்ந்திருக்க அது போதும். வியர்த்து ஒழுகும் மலைப்பாதையில் சீக்கிரமே போய்விடும். 'எண்ணெய்தானே, சாமானுக்கு ஒன்றும் ஆகாது' என்பதும் சரியில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பித் தளர்ந்துவிடும். கையில் கட்டும் கொசு வளையம், சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பற்றி ஒரே வரி: காசைச் சேர்த்து வைத்து நல்ல சாக்ஸ் வாங்குங்கள்.

முந்தின நாள் இரவு: சாமான்களைப் பிரித்து வையுங்கள்

பாயை விரித்து, எடுத்துப் போகும் எல்லாவற்றையும் அதன்மேல் போடுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

மருந்து பட்டாலும் கவலையில்லாதவை ஒரு பக்கம். பருத்தித் துண்டு, பருத்திச் சட்டை, கம்பளி சாக்ஸ், நைலான் பேன்ட், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், சும்மா கண்ணாடிக் குடுவை. பாலியெஸ்டர் நூலும் பொதுவாகத் தாங்கும். ஆனால் ஜெர்ஸியில் முதுகில் ஒட்டியிருக்கும் நம்பர், பெயர், லோகோ எல்லாம் பெரும்பாலும் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் படலம். துணி தாங்கும், எண் வழியும்.

கண்டிப்பாகத் தள்ளி வைக்க வேண்டியவைதான் பெரிய குவியலாக இருக்கும். கூலிங் கிளாஸ், பவர் கண்ணாடி (லென்ஸ் மட்டுமில்லை, அசிடேட் பிரேமும் கெடும்), வாட்ச், போன், சைக்கிள் கம்ப்யூட்டர், கேமரா, பைனாகுலர். காவலூர் வானாய்வகம் பார்க்க சனிக்கிழமை போகிறவர்கள் சொந்த பைனாகுலரும் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிடி, லென்ஸ் மேல் இருக்கும் பூச்சு இரண்டுமே இதற்கு எதிரி.

லைக்ரா என்று நாம் சொல்லும் இழுபடும் துணி தனிக் கதை. சைக்கிள் ஷார்ட்ஸ், கம்ப்ரஷன் டைட்ஸ், ஸ்போர்ட்ஸ் பிரா, சாக்ஸின் மேல்பட்டி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. உள்பக்கம் தைத்திருக்கும் சிறு துணியில் ஸ்பாண்டெக்ஸ் அல்லது எலாஸ்டேன் என்று எழுதியிருக்கும். டீட் பட்டால் இழுவை போய்த் தொளதொளவென்று ஆகிவிடும். இன்னொரு தொல்லை, உடம்போடு ஒட்டும் துணி வழியாகவே கொசு கடித்துவிடும். ரேயான் துணியும் இந்தப் பட்டியலில்தான்.

ரெக்சினைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பர். 'தோல் மாதிரி இருக்கிறதெல்லாம் தோல் இல்லப்பா' என்றார். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வளர்ந்தும் எனக்கு வித்தியாசம் தெரியாது. செயற்கைத் தோலின் மேற்பரப்பு பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு. டீட் பட்டால் மேல்தோல் உரிவது போல உரியும். விளையாட்டு ஷூவின் பக்கவாட்டு, பேட் பிடி, ராக்கெட் கிரிப், கீப்பிங் கையுறை, பைக் சீட் எல்லாம் இதில் வரும். அரைக்கால் டிரவுசர் போட்டுத் தொடையில் மருந்து பூசிக்கொண்டு பைக்கில் ஏறினால் சீட்டில் உங்கள் அச்சு விழும். பெட்ரோல் டேங்க் பெயின்ட்டும் பத்திரம்.

கடைசியாக, உயிரைக் காப்பவை. சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மோகோல் வகைதான், வெளி ஓடு பெரும்பாலும் பாலிகார்பனேட். டீட் பட்டு உள்ளே இளகினால் வெளியே ஒன்றும் தெரியாது. விழும்போது தாங்க வேண்டியது தாங்காது. மலையேறும் கயிறு, ஹார்னெஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்பு வார்), ஹெல்மெட் மூன்றின் அருகிலும் எந்த ரசாயனமும் போகக்கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது. நைலான் தாங்கும் என்று மேலே சொன்னேனே, கயிறுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு சொட்டுச் சோதனை

எது என்ன பொருள் என்று தெரியாத சாமான் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அதன் மறைவான மூலையில், தையலுக்குள்ளோ அடிப்பக்கமோ, பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டு மருந்து வையுங்கள். மறுநாள் வரை விடுங்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை, சில பொருட்கள் மெதுவாகத்தான் இளகும். மறுநாள் நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒட்டுகிறதா, நிறம் மங்கியதா, வெள்ளைத் துணியில் துடைத்தால் சாயம் வருகிறதா? மூன்றில் ஒன்று ஆமாம் என்றாலும் அது தள்ளிவைக்கும் குவியலுக்குப் போகட்டும். உயிர்காக்கும் சாமானில் மட்டும் இந்தச் சோதனையே வேண்டாம்.

பையில் எங்கே வைப்பது

மருந்தை ஜிப் வைத்த பாலித்தீன் கவரில் போட்டு, பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டில் நிமிர்த்தி வையுங்கள். பாலித்தீன் தாங்கும் என்பது இப்போது தெரியுமே. மழைக்கோட்டு, டென்ட் துணி வைக்கும் அறையில் வேண்டாம். அவற்றின் நீர் புகாத பூச்சு பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. ஒரு மூடி சரியாக இறுகாததால் முழு மழைக்கோட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதை ஏலகிரியில் பார்த்தேன், நல்லவேளை அது என்னுடையது அல்ல.

ஸ்பிரே டப்பாவைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது என்று டப்பாவிலேயே இருக்கும். வேலூர் மே மாத வெயிலில் மூடிய கார் அந்த அளவை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும்.

காலையில் எந்த வரிசை

முதலில் சன்ஸ்கிரீன். அது உலர்ந்து தோலில் உட்காரக் கால் மணி நேரம் கொடுங்கள். கொசு மருந்து அதன் மேல்தான் வர வேண்டும். டீட் சன்ஸ்கிரீனின் பலத்தை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும், அதனால் சன்ஸ்கிரீனைக் கொஞ்சம் அடிக்கடி பூச வேண்டியிருக்கும். இரண்டும் கலந்த ஒரே டியூப் வசதியாகத் தோன்றும். ஆனால் சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும், கொசு மருந்து அவ்வளவு அடிக்கடி வேண்டாம். கலவையில் ஒன்று கூடும், இல்லை இன்னொன்று குறையும்.

அப்புறம் உடை. தளர்வான முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், பேன்ட்டின் நுனி சாக்ஸுக்குள். பார்க்க அழகாக இருக்காது. உண்ணிக் குஞ்சு தரையிலிருந்து ஏறுவது, அதற்கு வழி அடைக்க இதைவிடச் சுலபமான வேலை இல்லை.

உடை போட்ட பிறகுதான் மருந்து, அதுவும் வெளியே தெரியும் தோலில் மட்டும். துணிக்கு அடியில் பூசினால் உடம்பு தேவையில்லாமல் உறிஞ்சும், துணியும் உரசும். இந்த நேரத்தில் வாட்ச், கண்ணாடி, ஹெல்மெட், பை எல்லாம் ஐந்தடி தள்ளி இருக்கட்டும். ஸ்பிரே என்றால் பத்தடி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சாமான்கள். ஸ்பிரேயின் துளிகள் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் போகும்.

கிரீமைப் பட்டாணி அளவு எடுத்து ஒரு புறங்கையில் வைத்து, இன்னொரு முன்கையோடு தேய்த்துப் பரப்புங்கள். உள்ளங்கையை முடிந்தவரை வேலைக்கு இழுக்காதீர்கள். வாட்ச் கட்டும் இடத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். நெற்றியில் ஹெல்மெட் பஞ்சு படும் பட்டை, காதோரம் கண்ணாடிக் காம்பு உரசும் இடம், தாடைக்கு அடியில் பெல்ட், மூன்றும் காலியாக இருக்கட்டும். முகத்துக்கு நேராக ஸ்பிரே அடிக்காமல் விரல் நுனியில் எடுத்துத் தடவுங்கள். கண், வாய், வெட்டுக்காயம் இவற்றைத் தவிர்த்து, மெல்லிசாக. தடியாகப் பூசினால் நேரம் நீளாது, வியர்வையோடு ஒழுகிப் பட்டைகளில் ஏறும்.

இப்போது கை கழுவுங்கள். இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் தாண்டினேன். வெறும் தண்ணீர் போதாது, டீட் தண்ணீரில் கரைவதே அபூர்வம். சோப்புத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். ஓடையிலோ குட்டையிலோ கை விட்டு அலம்பாமல், பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றிக் கழுவுங்கள். சோப்பு இல்லாத நேரத்தில் ஈரத் துடைப்பான் ஒன்றுக்கு இரண்டு. கை சுத்தமான பிறகு வாட்ச், கண்ணாடி, ஹெல்மெட், கடைசியில் பை.

நடுவழியில் மறுபடி பூச வேண்டுமென்றால் இதே வரிசையைத் திரும்பச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்கு நான் கண்ட வழி, பழைய பருத்தித் துண்டு. வீட்டிலேயே அதன் மேல் மருந்தை லேசாக அடித்து உலர்த்தி, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். துணியில் அடிக்கலாம் என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலானவற்றில் இருக்கும். பருத்திக்கு ஒன்றும் ஆகாது, கழுத்தில் கையே வைக்க வேண்டியதில்லை. வியர்வை துடைக்க இன்னொரு துண்டு வேண்டும், இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். ஒருநாள் மாற்றினேன், கண் எரிந்தது.

துணிக்கு மட்டும் ஒரு மருந்து

பெர்மெத்ரின் என்பது தோலுக்கு இல்லை, உடைக்கும் டென்ட்டுக்கும் ஷூவுக்கும். இதற்கென்றே விற்கும் 0.5 சதவீத ஸ்பிரேயை வெளியே கொடியில் தொங்கவிட்ட துணியில் அடித்து, முழுதாக உலர்ந்த பிறகு போட வேண்டும். சில மணி நேரம் ஆகும். ஆறு சலவை வரை தாக்குப் பிடிக்கும், செயற்கைத் துணியைக் கெடுக்காது. உண்ணிக்கு எதிராக நல்ல துணை. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை அந்தப் பக்கமே விடாதீர்கள், பூனைக்கு இது விஷம். மீனுக்கும் அப்படியே, அதனால் கிணற்றோரமும் ஏரிக்கரையும் வேண்டாம்.

சொறிசிரங்குக்குக் கொடுக்கும் பெர்மெத்ரின் கிரீமை ஷூவில் தடவுவதில் பயனில்லை. இதைவிடப் பெரிய தவறு ஒன்று நம் பக்கம் நடக்கிறது. நிலம் வைத்திருக்கும் வீடுகளில் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து எப்போதும் இருக்கும். 'எல்லாம் ஒரே ஜாதி மருந்துதான்' என்று அதைக் கலக்கி டென்ட்டில் அடிக்கிறார்கள். அதில் இருக்கும் அளவும் கரைப்பானும் மனித உடம்புக்கு அருகில் வைக்கவே கூடாதவை. சுவரில் கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான்.

டென்ட்டுக்குள்

டென்ட்டுக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள். மூச்சில் ஏறும், பூச்சும் பாழ். கொசுவத்திச் சுருளும் உள்ளே வேண்டாம். பூட்டிய சிறு இடத்தில் புகை, நெருப்பு இரண்டுமே ஆபத்து. வலைக்கதவை மூடுங்கள், டார்ச்சை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள், அது போதும். ஜவ்வாது மலைக் கிராமங்களில் சாயங்காலம் நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டுப் புகை போடுவார்கள். வெட்டவெளியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஸ்பிரேயை மட்டும் எடுக்காதீர்கள், பல டப்பாக்களில் ஆல்கஹாலும் எரிவாயுவும் இருக்கின்றன.

குழந்தைகளுக்கு

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், கொசுவலைதான். அதற்கு மேல் டீட் என்றால் 30 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். நீங்கள் பூசிவிடுங்கள், குழந்தை கையில் டப்பாவைக் கொடுக்காதீர்கள். அவர்கள் கையில் பூசவே வேண்டாம், நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும், அங்கிருந்து உங்கள் போனுக்கும்.

கோட்டை மைதானத்தில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கும் இதே கணக்குதான். கையுறை போடுவதற்கு முன் பூசி, கழுவி, உலர்ந்த பிறகு போடச் சொல்லுங்கள். அகழி ஓரம் நிற்கும் பீல்டருக்கு இது கூடுதலாகத் தேவைப்படும்.

பட்டுவிட்டால்

உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தேய்த்தால் இளகிய பிளாஸ்டிக்கைப் பரப்பிவிடுவீர்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பாலிஷ் நீக்கி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள், காயத்தில் உப்புத் தடவிய கதையாகிவிடும். ஒருமுறை மங்கிய லென்ஸ் மறுபடி தெளியாது. ஹெல்மெட்டின் உள்ளே பட்டது நிச்சயம் என்றால் விலையைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

திரும்பி வந்ததும்

முதலில் குளியல். மருந்து பூசியபடியே படுத்துத் தூங்கக்கூடாது. போட்டிருந்த துணியைத் தனியாக ஊறவைத்து, முடிந்தால் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். லைக்ரா வெந்நீரைத் தாங்காது, அதைச் சாதாரணத் தண்ணீரில். குளிக்கும்போது இடுப்புப் பட்டை, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் கைவைத்துப் பாருங்கள். உண்ணிக் குஞ்சு போய் உட்காருவது துணி இறுக்கும் இந்த மடிப்புகளில்தான், கறுப்புப் பொருக்கும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முதுகை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கடி வலிக்காது, அன்றைக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வருவதானால் ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் வரும், அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். கடுமையான தலைவலியோடு காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று உட்காராமல் மருத்துவரிடம் போங்கள். உள்ளே போனதும், அவர் கேட்பதற்கு முன்பே, இத்தனை நாளுக்கு முன் இந்த மலையில் புதருக்குள் நடந்தேன் என்று சொல்லிவிடுங்கள். பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.